எதிரே ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக் கேள்

ஓசூர்,
செவ்வாய் இரவு

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய பைத்தான் கோப்பைப் படித்துவிட்டேன். டெஸ்பாட்ச் பதிவை எடுக்கிறது, லாட் நம்பரைச் சரிபார்க்கிறது, சர்வரில் ஏற்றுகிறது. சூளகிரி சிப்காட்டில் டிரெய்னியாகச் சேர்ந்த பெண் எழுதியது என்றால் உங்கள் மேனேஜரே ஒரு நிமிடம் யோசிப்பார். ஆனால் சனிக்கிழமை இரவு சர்வரில் டிஸ்க் நிரம்பியதற்கு நீ சந்தேகப்படுவது போல நெட்வொர்க் காரணம் இல்லை. லாக் கோப்பின் கடைசி வரிகளை நீயே அனுப்பியிருக்கிறாய், பார். ‘ஒய் அல்லது என் மட்டும் தரவும்’. அதற்குக் கீழே அதே வரி. அதற்கும் கீழே அதே வரி. உன் புரோகிராம் விடிய விடிய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறது. பதில் சொல்ல எதிரே ஆள் இல்லை.

பகலில் ஸ்டோர்ஸ் பையன் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து அதை ஓட்டுகிறான். ராத்திரி அதே புரோகிராமை, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கிவைக்கும் கிரான் ஓட்டுகிறது. கிரான் ஓட்டும்போது உள்ளீட்டு வழியின் மறுமுனையில் கீபோர்டு கிடையாது. படிக்கப் போனதுமே ‘இதோடு முடிந்தது’ என்ற அடையாளம்தான் வரும். பைத்தானின் இன்புட் அதை ஈஓஎஃப் எரர் என்று எழுப்பும். நீ எந்தப் பிழை வந்தாலும் பிடித்து, தவறான பதில் என்று வைத்துக்கொண்டு, திரும்பக் கேட்கும்படி எழுதியிருக்கிறாய். ஆள் விரல் தவறி அழுத்தினால் இன்னொரு வாய்ப்புத் தரலாம், தர வேண்டும். காலி நாற்காலியிடம் கேட்டுக்கொண்டே இருந்தால் லாக்தான் நிரம்பும்.

இதைச் சரிசெய்ய இரண்டு வரி போதும். ஆனால் கோப்பைப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கேள்வி கேட்கும் இடங்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பழக்கம். ஓரிடத்தில் பெரிய எழுத்து ஒய் மட்டுமே ஆம். இன்னோரிடத்தில் யெஸ் என்று முழுதாக அடிக்க வேண்டும். வேறோரிடத்தில் 1 என்றால் ஆம், 2 என்றால் இல்லை. பதிவை ஏற்றும்போது வெறும் என்டர் தட்டினால் ஆம். பதிவை அழிக்கும்போதும் வெறும் என்டர் தட்டினால் ஆம்! இரவு ஷிஃப்ட்டில் கண் சொக்கும் ஒருவன் என்டரைத் தட்டிக்கொண்டே போவான் என்று உனக்குத் தெரியாதா? அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. யூனிக்ஸ் வழிவந்த எந்த அமைப்பிலும் ஒரு புரோகிராம் ஓடத் தொடங்கும்போதே அதற்கு மூன்று வழிகள் திறந்திருக்கும். 0 எண் உள்ளே வருவதற்கு; 1 விடை வெளியே போவதற்கு; 2 பிழையும் மற்ற பேச்சும் போவதற்கு. சாதாரணமாக மூன்றும் ஒரே டெர்மினலில் வந்து சேர்வதால் அவை வேறு வேறு என்பதே நமக்கு மறந்துபோகிறது. கிரானில் போட்டாலோ, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினாலோ, இன்னொரு புரோகிராமின் வாயில் இதைக் கோத்தாலோ அவை பிரிந்துவிடும். ஒரு வழியின் மறுமுனையில் இருப்பது டெர்மினல்தானா என்று கேட்க இஸ்ஏடிடிஒய் என்ற சின்ன ஃபங்ஷன் சி மொழியிலும் உண்டு, பைத்தானிலும் உண்டு. கேள்வி கேட்கும் முன் அதைக் கூப்பிடு. டெர்மினல் இல்லை என்று வந்தால் கேட்காதே. என்ன தகவல் குறைகிறது, அதை எந்த ஆப்ஷனில் கொடுக்கலாம் என்று 2ஆம் வழியில் ஒரு வரி எழுதிவிட்டு, பூஜ்யம் அல்லாத எக்ஸிட் கோடுடன் நிறுத்து. நின்றுபோன வேலையைக் காலையில் வருபவர் பார்த்துச் சரிசெய்துவிடலாம்.

பெரிய புரோகிராம்கள் எல்லாம் அடிபட்டு இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவைதான். சூடோவுக்கு ஹைஃபன் என் கொடுத்தால் பாஸ்வேர்டு தேவைப்படும் இடத்தில் கேட்காமல் பிழை சொல்லி நின்றுவிடும். எஸ்எஸ்எச்சில் பேட்ச் மோட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. கிட்டில் டெர்மினல் பிராம்ப்ட் என்ற சூழல் மாறியை 0 ஆக்கினால் கேள்வியே கேட்காது. ஏப்ட்டுக்கு ஹைஃபன் ஒய். உன் புரோகிராமிலும் இரண்டு ஆப்ஷன் சேர்த்துவிடு. ஒன்று, எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று எடுத்துக்கொள். இன்னொன்று, எதுவும் கேட்காதே, கேட்க வேண்டி வந்தால் நின்றுவிடு. இரண்டும் ஒன்றல்ல. முதலாவது துணிச்சல், இரண்டாவது எச்சரிக்கை. கிரானுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் பொருந்தும்.

கேள்வியின் வாசகத்தை எந்த வழியில் அனுப்புவது என்று நீ யோசிக்கவே இல்லை. பைத்தானின் இன்புட் தன் வாசகத்தை 1ஆம் வழியில், அதாவது விடை போகும் வழியில் எழுதும். உங்கள் சூப்பர்வைசர் வெளியீட்டை சிஎஸ்வி கோப்புக்குத் திருப்பி ஓட்டியதாக எழுதியிருந்தாயே, அப்போது என்ன ஆகியிருக்கும்? திரையில் ஒன்றும் தெரியாது. தொங்கிவிட்டது என்று நினைத்து கன்ட்ரோல் சி அடிப்பார். எக்செல்லில் திறந்தால் முதல் வரியில் ‘லாட் நம்பர் என்ன?’ என்று உட்கார்ந்திருக்கும். விடைக்கு 1, பேச்சுக்கு 2. கேள்வியும் பேச்சுதான்.

ஆம், இல்லை பற்றிக் கொஞ்சம். உங்கள் லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நான்கும் ஓடும். ஒருவர் ஆமாம் என்பார், ஒருவர் அவுனு என்பார், ஒருவர் ஹௌது என்பார். சி நூலகத்தில் ஆர்பிமேட்ச் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. கணினியின் மொழி அமைப்பைப் பார்த்து, வந்த பதில் ஆமா இல்லையா என்று சொல்லும். குனு சி நூலகத்தின் தமிழ் அமைப்பில் ஒய் போலவே ‘ஆ’ என்று தொடங்கினாலும் ஆம்தான். அழகான ஏற்பாடு. ஆனாலும் நாலு மொழிக்காரர்கள் மாறி மாறி உட்காரும் ஒரே கணினியில் நான் அதைச் செய்ய மாட்டேன். கேள்வியைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுது, பதிலுக்கு ஒய், என் என்ற இரண்டு விசை போதும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டையும் ஏற்றுக்கொள். முன்னும் பின்னும் ஒட்டிய இடைவெளியை நீக்கிவிடு. இரண்டும் அல்லாத எதுவும் பதில் அல்ல, திரும்பக் கேள். மூன்று தடவைக்கு மேல் கேட்காதே.

என்டருக்கு என்ன அர்த்தம் என்பதை வாசகத்திலேயே காட்ட ஒரு பழைய வழக்கம் உண்டு. ஏப்ட் செய்வதுபோல, இரண்டு எழுத்தில் எது பெரிய எழுத்தோ அதுதான் வெறும் என்டருக்குப் பொருள். திரும்பப் பெற முடியாத காரியத்துக்கு மட்டும் அந்த வசதியையே கொடுக்காதே. எஸ்எஸ்எச் ஒரு சர்வரோடு முதன்முறை சேரும்போது வெறும் ஒய் அடித்தால் ஏற்காது. யெஸ் என்று முழுதாக அடிக்கச் சொல்லும். உன் புரோகிராமில் பதிவை அழிக்கும் இடத்தில் லாட் நம்பரையே திரும்ப அடிக்கச் சொல். கை தானாக ஓடுவது நிற்கும், கண் ஒரு தடவை எண்ணைப் பார்க்கும்.

இனி பாஸ்வேர்டு. உன் கோப்பில் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான்.

கீபோர்டில் ‘அ’ தட்டினால் திரையில் ‘அ’ தெரிகிறதே, அதை நீ எழுதிய புரோகிராம் காட்டவில்லை. விசை முதலில் இயங்குதளத்தின் டெர்மினல் டிரைவருக்குப் போகிறது. அது ஒரு பிரதியைத் திரைக்கு அனுப்பிவிட்டு, என்டர் வரும்வரை வரியைத் தன்னிடம் வைத்திருந்து, பிறகு புரோகிராமுக்குத் தருகிறது. இந்தப் பிரதிக்குப் பெயர் எக்கோ. பாஸ்வேர்டு கேட்கும்போது நாம் செய்வதெல்லாம் டிரைவரிடம் ‘கொஞ்ச நேரம் பிரதி அனுப்பாதே’ என்று சொல்வதுதான். குந்தாரப்பள்ளி சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டுக்குக் கீழே விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பாய். பேரம் நடக்கிறது என்று சுற்றி நிற்கும் எல்லோருக்கும் தெரியும், தொகை மட்டும் தெரியாது. டெர்மினலிலும் அவ்வளவுதான்.

காகிதத்தில் அச்சடிக்கும் டெர்மினல்கள் இருந்த காலத்தில் இது இத்தனை சுலபமாக இல்லை. சிலவற்றில் எக்கோவை நிறுத்தவே முடியாது, தட்டியது தாளில் விழுந்தே தீரும். மல்டிக்ஸ் அமைப்பு அதற்கு ஒரு தந்திரம் செய்தது. பாஸ்வேர்டு கேட்கும் முன்பே தாளின் அந்த இடத்தில் பல எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துக் கறுப்பாக்கிவிடும். அந்தக் கறையின் மேல் நீ தட்டுவது யாருக்கும் படிக்க வராது.

யூனிக்ஸில் இதற்கென்றே கெட்பாஸ் என்ற ஃபங்ஷன் வந்தது. சி மொழியிலிருந்த அந்தப் பழைய கெட்பாஸ் 2001இன் போசிக்ஸ் தரத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பிஎஸ்டி பக்கம் ரீட்பாஸ்பிரேஸ் என்று மேம்பட்ட ஒன்றை வைத்துக்கொண்டார்கள். பைத்தானில் அதே பெயரில் இருக்கும் கெட்பாஸ் வேறு, அது நல்லது, அதைத்தான் நீ பயன்படுத்த வேண்டும். யூனிக்ஸில் அது 0ஆம் வழியை நம்பாமல், டெவ் டிடிஒய் என்ற கோப்பைத் திறந்து உண்மையான டெர்மினலோடு நேரடியாகப் பேசுகிறது. வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பியிருந்தாலும் கேள்வி ஆளின் கண்ணுக்குத் தெரியும். டெர்மினலே இல்லாவிட்டால் ஒரு எச்சரிக்கை கொடுத்துவிட்டு 0ஆம் வழியிலிருந்து படிக்கப் பார்க்கும். அந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்யாமல் பிழையாகவே எடுத்துக்கொள்.

அதற்குள் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கேள்வி வரும் முன்பே அவசரமாகத் தட்டிவைத்த எழுத்துகளை அது தூக்கி எறிந்துவிடும். எக்கோ நிற்கும் முன் தட்டியது திரையில் ஏற்கெனவே தெரிந்துவிட்டது அல்லவா? அதைப் பாஸ்வேர்டின் பகுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் காரணம். நீயாக எழுதியிருந்தால் இது தோன்றியிருக்காது, எனக்கும் தோன்றியிருக்காது.

நீ இதையெல்லாம் விட்டுவிட்டு பாஸ்வேர்டைக் கட்டளை வரியிலேயே வாங்கிக்கொள்கிறாய். ஹைஃபன் பி, இடைவெளி, பாஸ்வேர்டு. சுலபம்தான். ஆனால் கட்டளை வரி ரகசியமானது அல்ல. லினக்ஸில் பிஎஸ் என்று அடித்தால் அந்தக் கணினியில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமும் எந்தச் சொற்களோடு தொடங்கியது என்று தெரியும். தனியாகத் தடுத்து வைக்காவிட்டால் அடுத்தவர் ஓட்டுவதையும் பார்க்கலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரில் கமாண்ட் லைன் என்ற பத்தியை இயக்கிப் பார். அதோடு பேஷ் தன் ஹிஸ்டரி கோப்பில் எழுதிவைக்கும், பவர்ஷெல்லும் எழுதிவைக்கும். உங்கள் ஷாப் ஃப்ளோர் கணினியில் மூன்று ஷிஃப்ட்டுக்கும் ஒரே லாகின் என்கிறாய். அப்படியென்றால் முதல் ஷிஃப்ட்காரர் அடித்த பாஸ்வேர்டை இரண்டாவது ஷிஃப்ட்காரர் மேல்நோக்கு அம்பு விசையைத் தட்டியே எடுத்துவிடலாம்.

மைஎஸ்கியூஎல்லின் கிளையன்ட் புரோகிராம் தொடங்கியதும் தன் கட்டளை வரியில் இருக்கும் பாஸ்வேர்டை அழித்து எழுதிவிடும். அப்படியும் அழிப்பதற்கு முந்தைய அந்தச் சிறு நேரத்தில் தெரிந்துவிடும் என்று அவர்களின் கையேடே எச்சரிக்கிறது. டாக்கர் லாகினிலும் பாஸ்வேர்டைக் கட்டளை வரியில் கொடுத்தால் திட்டும்; உள்ளீட்டு வழியாகக் கொடுக்கத் தனி ஆப்ஷன் வைத்திருக்கிறார்கள்.

நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2019இல் நீ பள்ளியில் இருந்திருப்பாய். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் டிட்ராக் என்ற உளவு மென்பொருள் புகுந்தது. செப்டம்பர் 4 அன்று, நாட்டின் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு இந்திய அணுமின் கழகத்துக்குத் தகவல் தந்தது. அக்டோபர் 29 அன்று, கட்டுப்பாட்டு அமைப்பின் மீது சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று நிலையத்தின் சார்பில் அறிக்கை வந்தது. மறுநாளே கழகம் விஷயத்தை ஒப்புக்கொண்டது. இணையத்தோடு தொடர்புள்ள, நிர்வாக வேலைக்கான ஒரு கணினியில்தான் அது இருந்தது என்றும், உலை சார்ந்த உள் வலையமைப்பு தனித்து இருக்கிறது, அதற்குப் பாதிப்பு இல்லை என்றும் சொன்னார்கள்.

 நமக்கு வேண்டியது வேறொன்று. பொதுவெளியில் கிடைத்த அந்த மென்பொருள் மாதிரியை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு கட்டளை வரி இருந்தது. விண்டோஸின் நெட் யூஸ் கட்டளை, உள் வலையமைப்புக் கணினியின் முகவரி, அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பயனர் பெயர், கூடவே பாஸ்வேர்டு. எல்லாம் ஒரே வரியில், மறைக்காத எழுத்தில். திருடியவர்கள் அதை எப்படிப் பெற்றார்கள் என்பது வேறு விஷயம். பெற்றதைப் பயன்படுத்த அவர்களுக்கு ஒரு வரி போதுமாக இருந்தது, ஏனென்றால் அந்தக் கட்டளை பாஸ்வேர்டைச் சொல்லோடு சொல்லாக வாங்கிக்கொள்கிறது. அதே நெட் யூஸில் பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால், எக்கோ இல்லாமல் ஆளிடம் கேட்கும். நல்ல வழி பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் சுலபமான வழியைத்தான் எடுப்பார்கள், நல்லவர்களும் சரி, கெட்டவர்களும் சரி. ஆகவே அந்தச் சுலபமான வழியை உன் புரோகிராமில் வைக்காதே. ஹைஃபன் பியை எடுத்துவிடு.

‘அப்படியானால் ராத்திரி கிரான் எப்படி ஓடும், அதனிடம் யார் பாஸ்வேர்டு தட்டுவது?’ என்று கேட்பாய். நியாயம். ஆள் இல்லாத நேரத்துக்கு ஒரு கோப்பில் வை, அந்தக் கோப்பைச் சொந்தக்காரர் மட்டும் படிக்கும்படி 600 என்று அனுமதி கொடு. போஸ்ட்கிரெஸ் இதை அழகாகச் செய்கிறது. அதன் பிஜிபாஸ் கோப்பு மற்றவர்களும் படிக்கும்படி இருந்தால், அந்தக் கோப்பே இல்லாதது போல ஒதுக்கிவிடும். உன் புரோகிராமும் கோப்பைத் திறக்கும் முன் அனுமதியைப் பார்க்கட்டும். சூழல் மாறியில் வைப்பதைப் பலர் பரிந்துரைப்பார்கள். கட்டளை வரியை விட மேல்தான், ஆனால் உன் புரோகிராம் தொடங்கிவைக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் அது சொத்து போல இறங்கும், புரோகிராம் முறிந்தால் சில சமயம் பிழை அறிக்கையிலும் அச்சாகும். எனக்கு அதில் விருப்பமில்லை.

சரி, ஆள் உட்கார்ந்து தட்டும்போது நட்சத்திரம் காட்டலாமா? பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கும் உன் ஷெல் ஸ்கிரிப்டை ஓட்டியபோது, ஸ்டோர்ஸ் பையன் ‘ஒன்றுமே வரவில்லை, கீபோர்டு வேலை செய்யவில்லை’ என்று உன்னைக் கூப்பிட்டதாக எழுதியிருக்கிறாய். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பைத்தான் 3.14இல் கெட்பாஸுக்கே நட்சத்திரம் காட்டும் வசதி வந்துவிட்டது. சூடோவிலும் பிடபிள்யூஃபீட்பேக் என்று ஒன்று வெகுகாலமாக உண்டு. அந்த நட்சத்திரத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. லினக்ஸ் மின்ட், எலிமென்டரி ஓஎஸ் போன்றவற்றில் அது தானாகவே இயங்கும்படி வைத்திருந்தார்கள். 2020 ஜனவரியில் அதில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. தட்டிய வரி முழுவதையும் அழிக்கும் விசை வந்ததும், திரையில் காட்டிய நட்சத்திரங்களைச் சூடோ ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். டெர்மினல் அல்லாத இடத்திலிருந்து உள்ளீடு வந்தால் அப்படி எழுதும்போது பிழை ஏற்படலாம். அப்போது ‘இன்னும் எவ்வளவு இடம் மீதி’ என்ற கணக்கு தொடக்கத்துக்குத் திரும்பியது, ‘எந்த இடத்தில் எழுதுகிறோம்’ என்ற கணக்கு திரும்பவில்லை. ஒரே விஷயத்துக்கு இரண்டு கணக்கு, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. நினைவகத்தின் எல்லை தாண்டி எழுதி, பாஸ்வேர்டே தெரியாதவர் ரூட் ஆகும் வழி பிறந்தது. 1.8.31 பதிப்பில் அடைத்தார்கள்.

ஆகவே நட்சத்திரம் வேண்டும் என்றால் பைத்தானே தருவதை வாங்கிக்கொள். நீயாக ஒவ்வொரு விசையாகப் படித்து எழுதாதே. அல்லது வாசகத்திலேயே ‘தட்டுவது தெரியாது’ என்று இரண்டு சொல் சேர்த்துவிடு. என் ஓட்டு இரண்டாவதற்கு.

வந்த பதிலை என்ன செய்வது என்பதில்தான் மற்றக் கேள்விகளும் பாஸ்வேர்டும் பிரிகின்றன. லாட் நம்பரில் முன்பின் இடைவெளியை நீக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். பாஸ்வேர்டில் கை வைக்காதே. நீ எல்லா உள்ளீட்டையும் ஸ்டிரிப் செய்து அனுப்புகிறாய். பாஸ்வேர்டின் கடைசி எழுத்து இடைவெளியாக இருந்தால் அவர் ஆயுளுக்கும் உள்ளே நுழைய முடியாது, ஏன் என்றும் தெரியாது. கோப்பிலிருந்து படிக்கும்போது வரி முடிவை மட்டும், ஒரே ஒரு வரி முடிவை மட்டும் நீக்கு. விண்டோஸில் நோட்பேடில் எழுதிச் சேமித்த கோப்பாக இருந்தால் வரி முடிவு இரண்டு குறிகளாக வரும், இரண்டையும் சேர்த்து நீக்கு. எக்கோ கட்டளையால் பாஸ்வேர்டைக் குழாய் வழியே அனுப்பினால் அதுவும் ஒரு வரி முடிவைத் தானாக ஒட்டிவிடும். ‘கையால் அடித்தால் நுழைகிறது, ஸ்கிரிப்டில் போட்டால் நுழையவில்லை’ என்று யாராவது சொன்னால் முதலில் இங்கே பார்.

கை வைக்காதே என்பதற்கு விதிவிலக்கு ஒன்றே ஒன்று, அது நம் மொழியால் வருவது. உங்கள் ஊர் மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாகப் போகும் கொத்தமல்லியையே ஒருவர் தமிழில் பாஸ்வேர்டாக வைத்துக்கொள்கிறார் என்று வை. (வைக்காமல் இருப்பது நல்லது, சூளகிரியில் எவரும் முதலில் ஊகிப்பது அதுவாகத்தான் இருக்கும்.) கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் 10 குறிகள், யூடிஎஃப்-8இல் 30 பைட். ஆனால் ‘கொ’ என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். பிரித்து எழுதினால் 11 குறி, 33 பைட். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். ஹாஷ் எடுத்தால் இரண்டும் வேறு. வீட்டில் ஒரு தட்டச்சு மென்பொருளில் பாஸ்வேர்டு வைத்தவர் ஃபேக்டரியில் இன்னொன்றில் அடித்தால் ‘தவறு’ என்று வரலாம். எக்கோ இல்லாததால் என்ன தவறு என்று பார்க்கவும் வழியில்லை.

இதற்காகவே 2017இல் வந்த ஆர்எஃப்சி 8265 பாஸ்வேர்டை என்எஃப்சி என்ற, சேர்த்து எழுதும் வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடச் சொல்கிறது. பைத்தானில் அது ஒரே வரி. வைக்கும்போதும் செய்ய வேண்டும், சரிபார்க்கும்போதும் செய்ய வேண்டும். ஒன்றில் செய்து மற்றதில் விட்டால் முன்பிருந்ததை விட மோசம்.

தமிழுக்கு இன்னொன்று. பாஸ்வேர்டை ஹாஷ் செய்யப் பலரும் பயன்படுத்தும் பிகிரிப்ட் முதல் 72 பைட்டை மட்டுமே பார்க்கும். ஆங்கிலத்தில் அது 72 எழுத்து, யாரும் அத்தனை நீளம் போவதில்லை. தமிழில் 24 குறிதான், இரண்டு மூன்று சொற்களிலேயே முடிந்துவிடும். அதற்கு மேல் தட்டுவது சில நூலகங்களில் சத்தமில்லாமல் வெட்டப்படும். நீளத்தை எழுத்தில் எண்ணாமல் பைட்டில் எண்ணு, மீறினால் வெளிப்படையாகச் சொல். பின்னோக்கி அழிக்கும் விசையும் தமிழில் சிக்கல் தரும். ஒரு குறியின் மூன்று பைட்டையும் ஒன்றாக அழிக்க வேண்டும் என்று லினக்ஸின் டெர்மினல் டிரைவருக்குத் தெரிவிக்கத் தனி அமைப்பே உண்டு. அது இல்லாவிட்டால் ஒரு தட்டுக்கு ஒரு பைட் போய், மீதி இரண்டு குப்பையாக நிற்கும். இங்கிலீஷ் எழுத்தில் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லிவிட்டுப் போகலாமே என்று உங்கள் ஐடி ஆள் சொல்வார். சொல்லட்டும். நீ தயாராக இரு.

பாஸ்வேர்டை இரண்டு தடவை கேட்பது புதிதாக வைக்கும்போது மட்டும். கண்ணால் பார்க்காமல் தட்டுவதால் அந்த ஏற்பாடு. நீயோ அந்த ஷெல் ஸ்கிரிப்டில் ஏற்கெனவே இருக்கும் பாஸ்வேர்டையும் இரண்டு தடவை கேட்கிறாய். தவறாகத் தட்டினால் சர்வரே சொல்லப் போகிறது, எதற்கு அந்தத் தொல்லை? தவறானால் மூன்று தடவையோடு நிறுத்து. சூடோவும் எஸ்எஸ்எச்சும் வழக்கமாக அந்த எண்ணைத்தான் வைத்திருக்கின்றன. பயனர் பெயர் தவறா பாஸ்வேர்டு தவறா என்று பிரித்துச் சொல்லாதே.

கன்ட்ரோல் சி அடித்தால் என்ன ஆகிறது என்றும் பார்த்துக்கொள். பைத்தானின் கெட்பாஸ் எக்கோவைத் தானே திரும்ப இயக்கிவிடும். ஆனால் உன் ஷெல் ஸ்கிரிப்டில் எஸ்டிடிஒய் கொண்டு எக்கோவை நீயே நிறுத்துகிறாய். நடுவில் யாராவது கன்ட்ரோல் சி அடித்தால் டெர்மினல் ஊமையாகவே நிற்கும், அடிப்பது எதுவும் தெரியாது. ட்ராப் போட்டு, எந்த வழியில் வெளியேறினாலும் எக்கோ திரும்பும்படி செய். இப்போதே மாட்டிக்கொண்டால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எஸ்டிடிஒய் சேன் என்று அடித்து என்டர் தட்டு, சரியாகிவிடும். பேஷில் மட்டுமே ஓடும் ஸ்கிரிப்ட் என்றால் ரீட் கட்டளையின் ஹைஃபன் எஸ் ஆப்ஷனே போதும். ஆள் வேண்டாம் என்று நிறுத்தினால் 130 என்ற எக்ஸிட் கோடுடன் வெளியேறு, ஷெல்லின் மரபு அது. பதினைந்து வரி டிரேஸ்பேக்கைக் கொட்டி ஸ்டோர்ஸ் பையனைப் பயமுறுத்தாதே.

இதையெல்லாம் ஒவ்வொரு கேள்வியிலும் எழுத முடியாது, எழுதவும் கூடாது. தனியாக ஒரு கோப்பு, அதில் மூன்று ஃபங்ஷன். ஒன்று சாதாரண உரை கேட்க, ஒன்று ஆம் இல்லை கேட்க, ஒன்று பாஸ்வேர்டு கேட்க. டெர்மினல் இருக்கிறதா என்ற சோதனை, 2ஆம் வழி, மூன்று தடவை, ஈஓஎஃப், கன்ட்ரோல் சி எல்லாம் அந்த மூன்றுக்குள்ளேயே அடங்கட்டும். அதன்பின் உன் மற்றக் கோப்புகளில் இன்புட் என்ற சொல்லைத் தேடு. ஓரிடத்திலும் அகப்படக் கூடாது. நீ நாளை வேறு லைனுக்குப் போய், இன்னொரு டிரெய்னி வந்து புதிதாக ஒரு கேள்வி சேர்த்தாலும், அது பழைய கேள்விகள் போலவே நடந்துகொள்ளும்.

முடித்ததும் இப்படி ஓட்டிப் பார். முதலில் சாதாரணமாக. அடுத்து, உள்ளீட்டை டெவ் நல் என்ற காலிக் கோப்பிலிருந்து கொடுத்து. உடனே நின்று, என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். பிறகு வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பி. கேள்வி திரையில் தெரிய வேண்டும், கோப்பில் இருக்கக் கூடாது. பிறகு பாஸ்வேர்டு கேட்கும் நேரத்தில் கன்ட்ரோல் சி; அடுத்து அடிப்பது திரையில் தெரிய வேண்டும். கடைசியாக, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டெர்மினலில் பிஎஸ் அடித்து, பாஸ்வேர்டு எங்காவது எட்டிப்பார்க்கிறதா என்று பார். கிரானில் இப்போதிருக்கும் வரியில் ஹைஃபன் பியும் அதற்குப் பின்னால் உங்கள் சர்வர் பாஸ்வேர்டும் அப்படியே கிடக்கின்றன, எனக்கும் மெயிலில் வந்துவிட்டது. நாளைக் காலை முதல் வேலையாக அந்தப் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிட்டு, அதன்பிறகு கோப்பைத் திருத்த உட்கார்.

அக்காவிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாமா